ஏழாம் வகுப்புக் கணக்கில் ஒளிந்திருக்கும் நான்காம் வகுப்பு

ஐந்தாம் வகுப்பு வரை கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய பிள்ளை, ஏழாம் வகுப்பில் வீட்டுப்பாட நோட்டைத் திறக்கவே முகம் சுளிக்கிறது என்று புலம்பாத பெற்றோர் குறைவு. டீச்சர் சரியில்லை, போன் பார்த்தே கெட்டுவிட்டான், கவனமே இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக் கணக்குப் புத்தகங்களையும் வரிசையாக வைத்துப் புரட்டினால், இந்தக் காரணங்களுக்கெல்லாம் முந்திய ஒன்று கண்ணில் படும்.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்புக்கு 2018இலும், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 2019இலும் புதிய புத்தகங்கள் வந்தன. ஆறாம் வகுப்பில் பின்னங்களும், மைனஸ் எண்களும் சேர்ந்த முழுக்களும் மூன்றாம் பருவத்தில் வருகின்றன. பொங்கல் விடுமுறை, விளையாட்டு விழா, ஆண்டு விழா, முழு ஆண்டுத் தேர்வு எல்லாம் நெருக்கியடிக்கும் பருவம் அது. பாடம் 'முடிக்கப்படும்'. அடுத்த ஜூனில் ஏழாம் வகுப்பு தொடங்கும்போதே முழுக்களைக் கூட்டு, கழி, பெருக்கு, வகு என்று ஆரம்பித்துவிடுகிறது. எட்டாம் வகுப்பின் முதல் பாடம் விகிதமுறு எண்கள். பின்னமும் மைனஸும் ஒரே எண்ணில் சேர்ந்து வந்து நிற்கும். ஆறாம் வகுப்பில் அந்த மூன்று மாதம் கோட்டைவிட்ட பிள்ளை, அடுத்த இரண்டு வருடமும் அதற்கு வட்டி கட்டுகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை எண் என்றால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. புளியங்கொட்டை வைத்தோ விரல் விட்டோ சரிபார்த்துக்கொள்ளலாம். மைனஸ் ஏழை எந்த விரலில் எண்ணுவது? மூன்றில் இரண்டுடன் நான்கில் ஒன்றைக் கூட்டினால் என்னவென்று எந்தக் கொட்டை சொல்லும்? அப்புறம் x என்று ஓர் எழுத்து வேறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதுவரை மனப்பாடமாகவும் வேகமாகவும் ஓட்டிய பிள்ளைக்கு முதல்முறையாக 'ஏன்' என்ற கேள்வி தேவைப்படும் இடம் இது.

இதற்கெல்லாம் அடியில் வகுத்தலிலேயே ஓட்டை இருப்பதும் உண்டு. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்கும் ஏசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களில் 45.8 சதவீதம் பேரால்தான் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தது. தமிழ்நாட்டில் 2025இல் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 'திறன்' என்ற திட்டம் தொடங்கப்பட்டதும் இந்த அடிப்படைக் குறையை மனதில் வைத்துத்தான். ஆக, ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடத்தில் நீங்கள் பார்க்கும் தப்பு பெரும்பாலும் ஏழாம் வகுப்புத் தப்பே அல்ல. நான்கிலோ ஐந்திலோ விட்டுப்போன ஒன்று இன்று வெளியே தெரிகிறது. வீட்டில் உதவுவது என்றால், அந்தப் பக்கத்தை எப்படியாவது முடித்து டீச்சரிடம் கையெழுத்து வாங்க வைப்பதில்லை. எந்தப் படியில் கால் தடுக்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த உதவி.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 2/3 + 1/4. பிள்ளை நோட்டில் 3/7 என்று எழுதியிருக்கிறது. பார்த்ததும் "தப்பு, கீழே இருக்கிற பகுதியைச் சமப்படுத்தணும், மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எடு" என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாமல் கேட்டால் பேச்சு இப்படிப் போகும்:

"மூணும் ஏழும் எப்படிம்மா வந்துச்சு?"

"மேல ரெண்டையும் கூட்டினேன், கீழ ரெண்டையும் கூட்டினேன்."

"சரி. மூணுல ரெண்டு பங்குன்னா, அரையவிடக் கூடவா கம்மியா?"

"கூட."

"ஏழுல மூணு பங்கு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்மி."

"அரையவிடக் கூட இருந்ததோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையவிடக் கம்மியா ஆகுமா?"

இந்த இடத்தில் பிள்ளை தானாகவே ரப்பரைத் தேடும். 3/7 தப்பு என்று நீங்கள் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள். இனி முறையைச் சொன்னால் காதில் ஏறும். ஒரு நீளமான காகிதத் துண்டை மூன்றாக மடித்து, அப்புறம் ஒவ்வொரு பங்கையும் நான்காக மடித்தால் 12 கட்டம் வரும். மூன்றில் இரண்டு 8 கட்டம், நான்கில் ஒன்று 3 கட்டம், சேர்த்து 11. விடை 11/12. ஒருவேளை 2/3ம் 8/12ம் ஒன்றுதான் என்பதிலேயே தடுமாறினால், அவளுக்கு வேண்டியது கூட்டல் இல்லை, சமான பின்னம். அது முன் வகுப்புகளின் பாடம். அன்றைய மாலை முழுக்க அதற்கே போனாலும் நட்டமில்லை. பயிற்சியில் உள்ள பத்துக் கணக்கில் இரண்டு மட்டும் முடிந்தால் அது போதும்.

பிள்ளை ஏன் மேலே மேலே, கீழே கீழே கூட்டியது என்றும் யோசிக்கலாம். பின்னங்களைப் பெருக்கும்போது அப்படித்தானே செய்கிறோம். போதாக்குறைக்கு மதிப்பெண்ணும் அப்படித்தான். ஒரு கேள்வியில் 3க்கு 2, இன்னொன்றில் 4க்கு 1 என்றால் மொத்தம் 7க்கு 3 என்று விடைத்தாளில் டீச்சரே எழுதுகிறார். இரண்டும் வேறு விஷயம் என்று யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பின்னத்தில் இரண்டுமே ஒரே முழுப்பொருளின் பங்குகள். மதிப்பெண்ணில் முழுமையே ஒருமுறை 3, மறுமுறை 4. தப்புக்குப் பின்னால் இவ்வளவு நியாயம் இருக்கும்போது 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையால் எழுதுவது கொஞ்சம் அநியாயம்தான்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தப்புகள் பல தற்செயலானவை அல்ல, பிள்ளை தானாக வகுத்துக்கொண்ட தவறான விதியைச் சொன்னபடி பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். 402 − 178க்கு 376 என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். 4இல் 1 போனால் 3. பூஜ்ஜியத்துக்கும் 7க்கும் வித்தியாசம் 7. 2க்கும் 8க்கும் வித்தியாசம் 6. மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது அவளுடைய விதி. பத்துக் கணக்குக் கொடுத்தாலும் கடன் வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் இதையே செய்வாள். இந்த விதி தெரியாமல் 'இன்னும் நூறு கணக்குப் போடு' என்றால் தப்பு நூறு தடவை பழகும்.

சங்கடமான விஷயம், இப்படிப்பட்ட விதிகளில் சிலவற்றை நாமே கொடுக்கிறோம். "ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் மந்திரம். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அது சரி. அதை அப்படியே பிடித்துக்கொண்ட பிள்ளை −7 − 3 என்றால் +10 என்று எழுதும். "பத்தால பெருக்கினா ஒரு பூஜ்ஜியம் சேர்" என்று மூன்றாம் வகுப்பில் சொன்னதை நம்பி 2.5 × 10 = 2.50 என்று எழுதும். "அந்தப் பக்கம் தூக்கினா குறி மாறும்" என்பது இன்னும் மோசம். 3x + 5 = 20 என்ற சமன்பாட்டில் 5ஐத் தூக்கினால் 3x = 15. சரி. அடுத்து 3ஐயும் தூக்கு என்றால் பிள்ளை x = 15 − 3 = 12 என்று முடித்துவிடும். சொன்னதைத்தானே செய்தது! இரண்டு பக்கத்திலிருந்தும் 5ஐக் கழிக்கிறோம், இரண்டு பக்கத்தையும் 3ஆல் வகுக்கிறோம் என்று நீட்டி எழுத வைத்தால் நோட்டில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். கிடைத்த 12ஐத் திரும்ப x இருந்த இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 41 வரும், 20 வராது. சமன்பாட்டுக் கணக்குகளின் பெரிய வசதியே இதுதான். விடை சரியா என்று கேட்க அப்பாவும் வேண்டாம், கைடும் வேண்டாம்.

சமக்குறி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். 1990களின் இறுதியில் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் இதைக் கேட்டபோது எந்த வகுப்பிலும் பத்தில் ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் 12 என்றார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றார்கள். '=' என்றால் 'இதோ விடை வருகிறது' என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற எண்ணம் இல்லை. அந்த எண்ணம் இல்லாமல் ஏழாம், எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்குள் நுழைந்தால் எல்லாமே 'தூக்கு, இறக்கு' வித்தையாகத்தான் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்றைக்கே கேட்டுப் பார்க்கலாம். அரை நிமிட வேலை.

இனி பெற்றோர் பக்கம். "எனக்கே கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு தினமும் பக்கத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பள்ளி ஆண்டு முழுக்கக் கவனித்தார்கள். கணக்கைக் கண்டு பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. அதே அளவு பதற்றம் உள்ள பெற்றோர், அடிக்கடி உதவாத வீடுகளில் இந்த விளைவு தெரியவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது என்றாலும், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவின் முகத்தைப் படிக்க இன்னும் நன்றாகவே தெரியும். சத்தம் போடும் நிலை வந்துவிட்டால் எழுந்து போய்விடுவதுதான் அன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

நேரம் எவ்வளவு? ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை, ஆறு முதல் எட்டு வரை எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. நடப்பில் இதை மதிக்கிற பள்ளி எத்தனை என்பது வேறு கதை. கணக்குக்கு மட்டும் தினம் இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் போதும் என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது மேல். டியூஷன் முடிந்து எட்டரைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் போடும் கணக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைக் காலையில் தள்ளி வைக்கலாம்.

அந்த அரை மணி நேரத்தில் எந்தக் கணக்குகளைப் போடுவது என்பதில்தான் நம் வழக்கத்துக்கு மாறான செய்தி இருக்கிறது. புத்தகத்தில் ஒவ்வொரு பயிற்சியும் ஒரே வகைக் கணக்குகளின் அடுக்கு. எதிர் மாறல், அதாவது ஒன்று கூடினால் மற்றது குறையும் கணக்கு, நடந்தால் பத்துக் கணக்கும் எதிர் மாறல். முதல் கணக்கைப் பார்த்து மற்ற ஒன்பதையும் ஓட்டிவிடலாம், யோசிக்கவே வேண்டாம். வீட்டில் எல்லாம் சரியாகப் போட்ட பிள்ளை பரீட்சையில் கோட்டைவிடுவதன் மர்மம் இதுதான். பரீட்சைத் தாளில் பாடத் தலைப்பு இருக்காது. அமெரிக்காவின் புளோரிடாவில் டக் ரோரர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 54 ஏழாம் வகுப்பு அறைகளில் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். பாதி வகுப்புகளுக்குப் பல வகைக் கணக்குகளைக் கலந்து கொடுத்தார்கள், மீதிப் பாதிக்கு வழக்கம்போல ஒரே வகையாக. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்களின் சராசரி 61 சதவீதம், மற்றவர்களுக்கு 38. புதிய பாடமோ புதிய ஆசிரியரோ கிடையாது. கணக்குகளை வரிசை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நம் புத்தகத்திலும் இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் 'பல்வகைத் திறனறி பயிற்சிக் கணக்குகள்' என்று ஒரு பகுதி உண்டு. நேரமில்லை என்று பள்ளிகளில் அடிக்கடி தாவிவிடும் பகுதியும் அதுவே. இன்றைய வீட்டுப்பாடத்தில் நான்கு கணக்குப் போட்டதும், போன மாதம் முடித்த பாடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து ஒன்று, அதற்கும் முந்திய பாடத்திலிருந்து ஒன்று என்று நீங்களாகவே சேர்க்கலாம். பிள்ளை எரிச்சல்படும், "இதெல்லாம் முடிச்சாச்சே" என்று சொல்லும். முடித்ததை மறந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே கொடுப்பது.

வாக்கியக் கணக்கு தனிப் பிரச்சினை. 6 ஆட்கள் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? 25 என்று எழுதும் பிள்ளைக்கு விகிதம் தெரியாமல் இல்லை. வேலையையே மனதில் பார்க்கவில்லை, எண்களை மட்டும் பார்த்தது. "ஆள் கூடினா வேலை சீக்கிரம் முடியுமா, இழுக்குமா?" என்ற கேள்விக்கு அப்புறம் 25 நிற்காது. ஓர் ஆள் மட்டும் இருந்தால் 60 நாள், 15 பேர் என்றால் 4 நாள் என்று ஓரலகு முறையில் கொண்டுபோகலாம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பூட்டு. கேள்வியின் ஆங்கிலமே புரியாமல், கணக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, கேள்வியில் என்ன நடக்கிறது என்று தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. சொல்ல முடியாவிட்டால் சிக்கல் கணக்கில் இல்லை என்று தெரிந்துவிடும்.

கணக்கே படிக்காத அம்மாவோ பாட்டியோகூட இந்த வேலையைச் செய்யலாம். சொல்லப்போனால் நன்றாகவே செய்வார்கள். "எனக்குப் புரியல, மறுபடி சொல்லு" என்று அவர்கள் கேட்பது நடிப்பில்லை. கணக்குத் தெரிந்த அப்பாவால் நாலாவது நொடியில் பென்சிலைப் பிடுங்காமல் இருக்க முடியாது.

போனையும் கைடையும் என்ன செய்வது? தடுத்து நிறுத்தும் காலம் போய்விட்டது. 2014இல் வந்த போட்டோமேத் போன்ற செயலிகள் கேமராவைக் காட்டினால் படிப்படியாகப் போட்டுக் காட்டுகின்றன. இப்போது சாட்பாட்டிடம் கேட்டாலும் அதேதான். கைடு அச்சடித்த காலத்திலிருந்தே பிள்ளைகள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், வேகம் கூடியிருக்கிறது. போட்டுக் காட்டிய கணக்கைப் படிப்பது தன்னளவில் கெட்டதும் அல்ல. 1985இல் ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதத்தில் செய்த சோதனைகளில், போட்டுக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், எல்லாவற்றையும் தாங்களே முட்டி மோதிப் போட்டவர்களைவிட அதேபோன்ற புதுக் கணக்குகளை வேகமாகவும் தப்புக் குறைவாகவும் போட்டார்கள். ஆக, புதிய பாடம் என்றால் முதலில் ஒன்றைப் பார்க்கட்டும். பார்த்ததை மூடிவிட்டு, எண்ணை மட்டும் மாற்றி நீங்கள் கொடுக்கும் ஒன்றைப் போடட்டும். பார்த்து நோட்டில் இறக்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

வாய்ப்பாடு பற்றி இரண்டு வார்த்தை. இருபதாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கச் சொல்லி மிரட்ட வேண்டியதில்லை. பத்து வரை, எங்கே கேட்டாலும் சொல்லும்படி இருந்தால் நடுநிலை வகுப்புக்குப் போதும். ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து பாடிக்கொண்டு வரும் பிள்ளை, மீ.சி.ம கண்டுபிடிப்பதற்குள் எதற்காகத் தேடினோம் என்பதையே மறந்துவிடும். நம் திண்ணைப் பள்ளிகளில் முழு எண்களுக்கு மட்டுமல்ல, கால், அரைக்கால், மாகாணி முதல் 320இல் ஒரு பங்கான முந்திரி வரை எண்சுவடியைப் பார்த்துப் பாடமாக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு அவ்வளவு தேவையில்லை. இருந்தாலும் அரை, கால், முக்கால் மூன்றையும் 0.5, 0.25, 0.75 என்றும் 50, 25, 75 சதவீதம் என்றும் யோசிக்காமல் மாற்றத் தெரிந்தால் எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் தள்ளுபடியும் லாப நட்டமும் பாதி சுலபமாகிவிடும்.

கடைசியாக, பள்ளியிடம் சொல்வது. வீட்டுப்பாடம் முடியவில்லை என்றால் அடி விழுமோ, வெளியே நிறுத்துவார்களோ என்ற பயத்தில்தான் பல வீடுகளில் அம்மாக்களே எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுத்த நோட்டு ஆசிரியருக்குப் பொய் சொல்கிறது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்து அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அதற்குப் பதில் போட முடிந்த இரண்டு கணக்கின் கீழே, "வேறு வேறு பகுதி உள்ள பின்னங்களில் நிற்கிறாள், சமான பின்னம் வரவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். ஒரு வகுப்பில் நாற்பது பேரைப் பார்க்கிற ஆசிரியருக்கு நாற்பது நோட்டிலும் தப்பைத் தேட நேரம் இருக்காது. இந்த ஒரு வரி அவருடைய வேலையில் பாதியைக் குறைக்கும். எல்லா ஆசிரியரும் இதை நல்லவிதமாக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன், சிலருக்குக் கோபம் வரும். பெற்றோர் கூட்டத்திலும் 'ஏன் மார்க் குறைஞ்சது' என்று கேட்காமல் 'எந்தப் பாடத்தில் நிற்கிறான்' என்று கேட்கலாம். போகும்போது மதிப்பெண் அட்டையோடு வீட்டுப்பாட நோட்டையும், திருத்தித் தந்த பரீட்சைத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.